பையில் கலந்த இரண்டு காளான்

யாருடைய உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்தப் பதற்றத்திலேயே கடைசி வரை ஓட்டிப் படித்துவிடுவீர்கள், நடுவில் இருக்கிற விஷயம் தவறிப்போகும். நண்பன் வீட்டில் மூன்று பேர் இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், காரணம் காளான் குழம்பு. இதில் வேடிக்கை என்னவென்றால் காளானை அடையாளம் காண்பதில் நாங்கள் தப்பு செய்யவில்லை. எது நல்லது, எது ஆகாதது என்று காலையிலேயே, பறித்த இடத்திலேயே சரியாகப் பிரித்துவிட்டோம். அப்படியும் ஆகாதது சட்டிக்குள் போனது. எப்படிப் போனது என்று என் போனில் இருந்த படங்களையும், அவை எடுத்த நேரத்தையும், அவரவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு ஒருநாள் உட்கார்ந்து கோர்த்துப் பார்த்தேன்.

மழை, தோட்டம், ஆட்கள்

போன வருஷம் அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் இரண்டு நாள் சாயங்காலம் நல்ல இடியோடு மழை. சிறுமலை திண்டுக்கல்லில் இருந்து 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவு. மேலே நண்பனுடைய மாமாவுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது, காபி, மிளகு, வாழை, எலுமிச்சை, நிழலுக்குப் பலாவும் சில்வர் ஓக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதும் அங்கிருந்து எதையாவது எடுத்து வருவதும் குற்றம், அதனால் நாங்கள் நடந்தது முழுக்கப் பட்டா நிலத்தில்தான், ஆனால் மரங்கள் வளர்ந்து மூடிய பழைய தோட்டம் என்பதால் காட்டில் நடப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது.

நான், நண்பன், அவன் தம்பி, அப்புறம் தோட்டத்தில் நெடுநாளாக வேலை பார்க்கிற பெரியம்மா. நான் நாலைந்து வருஷமாகக் காளான் படம் எடுத்துப் பெயர் தேடுகிறவன், படித்தவன் இல்லை. பெரியம்மா படிக்காமலே தெரிந்தவர். நண்பனுக்குச் சாப்பிடத் தெரியும்.

முதல் ஒரு மணி நேரம் கிடைத்ததெல்லாம் சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாதவை, அதனால் எந்த வம்பும் இல்லை. விழுந்து கிடந்த பலாக்கிளையில் வெள்ளை வெள்ளையாக விசிறி மாதிரி ஒட்டியிருந்தது ஸ்கிசோஃபில்லம் என்ற காளான். வெயிலில் சுருண்டு பட்டையோடு பட்டையாகக் கிடக்கும், ஒரு மழை விழுந்தால் மறுபடி விரியும். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்பும் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும், அதை வைத்தே சொல்லிவிடலாம். மணிப்பூரில் இதைச் சமைக்கிறார்கள், கங்லாயென் என்று பெயர், இங்கே சிறுமலையில் சொன்னால் சிரிப்பார்கள். சாணி போட்டு மூடாக்கு வைத்த இடத்தில் பறவைக்கூடு காளான், சுண்டுவிரல் நக அளவுக் கிண்ணத்துக்குள் முட்டை மாதிரி சின்னச் சின்ன வில்லைகள், மழைத்துளி கிண்ணத்தில் விழுந்தால் அந்த வேகத்திலேயே வில்லை தெறித்து வெளியே போய் விழும். நண்பனின் தம்பி அதன் மேல் தண்ணீர் பாட்டிலால் சொட்டுவிட்டுக் கால் மணி நேரம் விளையாடினான்.

பழைய தென்னை ஒன்றின் அடியில் கானோடெர்மா என்ற காளான், மேலே அரக்கு பூசிய மாதிரி பளபளப்பாக, கல் மாதிரி கெட்டியாக. தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதைத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றால் புரியும், 1952 புயலுக்கு அப்புறம் அந்த ஜில்லாவில் முதலில் கவனித்ததால் வந்த பெயர். அடிமரத்தில் இது வெளியே தெரிகிறபோது உள்ளே மரம் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். மாமாவிடம் சொன்னோம். அவருக்கு இரண்டு வருஷமாகத் தெரியுமாம்.

இவற்றையெல்லாம் எதை வைத்துச் சொன்னேன் என்று பார்த்தால், பாதிக்கு மேல் இடத்தை வைத்துத்தான். செத்த கிளை, சாணி, தென்னை அடிமரம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

9.12: பெரியம்மா தோண்டியது

பலா மரத்துக்கு மேற்கே நிலம் லேசாக மேடு தட்டியிருக்கும். மேலே புற்று என்று ஒன்றும் தெரியாது, கரைந்து தட்டையாகிவிட்ட பழைய இடம். அங்கே வெள்ளையாகப் பதினைந்து இருபது குடைகள். சில பாதி விரிந்தவை, சில இன்னும் மூடி ஈட்டி முனை மாதிரி மண்ணைக் குத்திக்கொண்டு நின்றவை.

நான் குனிந்து ஒன்றைத் தண்டைப் பிடித்து இழுக்கப் போனேன். பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டார். "இழுக்காதப்பா, அத்துரும். வேரு வேணும்." இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தியை எடுத்து, காளானில் இருந்து நாலு விரல் தள்ளி மண்ணைக் கிளறி, அப்புறம் கொத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே சுரண்டிக்கொண்டு போனார். தண்டு மண்ணுக்குள்ளும் முடியவில்லை. மேலே கட்டைவிரல் பருமன், கீழே போகப்போகப் பென்சில், அதற்கும் கீழே ஊதுபத்தி. ஒரு முழம் கிட்டத்தட்ட வந்ததும் நின்றது, அந்த இடத்தில் மண் உதிர்ந்து ஒரு பொந்து திறந்தது, உள்ளே பழுப்பு நிறத்தில் கடற்பஞ்சு மாதிரி ஒன்று, அதன்மேல் கடுகைவிடச் சின்ன வெள்ளை உருண்டைகள், கரையான்கள் வெளிச்சம் பட்டதும் அலைந்தன.

அந்தக் கடற்பஞ்சுதான் கரையானின் தோட்டம். இலைச்சருகையும் மரத்தூளையும் தின்று கழித்து, அந்தக் கழிவை அடுக்கி, அதில் இந்தக் காளானின் பூஞ்சையை வளர்த்துச் சாப்பிடும். மரத்தின் கடினமான பகுதியைச் செரிக்க அதன் வயிற்றால் முடியாது, பூஞ்சைதான் செரித்துக் கொடுக்கிறது. ஆப்பிரிக்காவில் சுமார் 3 கோடி வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த விவசாயம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்தில் இருந்து பூஞ்சை மேலே வந்து விரிவதைத்தான் நாம் புற்றுக்காளான் என்கிறோம். டெர்மிட்டோமைசிஸ் என்று 1942ல் பெயர் வைத்தவர் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் நினைவாக ஹைமி என்று ஒரு இனத்துக்குப் பெயர் சூட்டி 1979ல் வெளியிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். நம் ஊர்க் காளானுக்கு நம் ஊர்க்காரர் வைத்த பெயர், இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

கரையான் இல்லாமல் இந்தக் காளானைச் சிப்பிக்காளான் மாதிரி கொட்டகை போட்டு விளைவித்து விற்க இன்னும் வழியில்லை. அதனால்தான் மழைக்காலத்தில் ரோட்டோரம் கூறு கட்டி வைத்தால் கேட்ட விலைக்குப் போகிறது, அதனால்தான் எங்கள் கூட்டத்துக்கும் கை துறுதுறுத்தது.

குடை நடுவில் கூர்மையான முனை. மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவதற்காக அது கெட்டியாக இருக்கும், விரலால் தொட்டால் தனியாகத் தெரியும். அடியில் மடிப்புகள் வெள்ளை. தண்டில் தடிப்பாக ஒரு வளையம். ஒன்பது பறித்தோம், பெரியம்மா ஒவ்வொன்றையும் வேரோடு எடுத்து, வேரை ஒடித்துப் போட்டுவிட்டு என் மஞ்சப்பையில் வைத்தார். வேரை ஒடித்துப் போட்டதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

10.26: மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துப் புல்

இறங்கி வரும்போது கொட்டகைக்குக் கீழே, திறந்த புல்வெளியில் ஐந்து குடைகள். அரைவட்டமாக நின்றன. மூன்று முழுக்க விரிந்து சாப்பாட்டுத் தட்டு அளவு, இரண்டு இன்னும் முட்டை மாதிரி மூடிக்கொண்டு பாதி திறந்த நிலை. நல்ல வெள்ளை, உச்சியில் பழுப்புச் செதில்.

நண்பன், "மாப்ள, இங்க பாரு, அதைவிடப் பெருசு," என்றான்.

பெரியம்மா தூரத்தில் இருந்தே, "அது வேணாம், அது ஆகாது," என்றார். ஏன் என்று கேட்டதற்கு இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, அதற்கு வேர் கிடையாது. இன்னொன்று, மாட்டு மூத்திரம் பட்டு முளைத்தது. முதல் காரணம் சரி. நான் ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன், தண்டு மண்ணுக்குள் அரை விரல்கூடப் போகவில்லை, வெங்காயம் மாதிரி லேசாகப் பருத்து அங்கேயே முடிந்துவிட்டது. இரண்டாவது காரணம் காரணமே இல்லை, மூத்திரம் பட்டாலும் படாவிட்டாலும் அதே காளான்தான். ஆனால் அவர் கண் சரியாகத்தான் பார்த்தது, வாயில் வந்த விளக்கம்தான் பாதி தப்பு. காளான் விஷயத்தில் ஊர்ப் பெரியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. இந்த விளக்கத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு அந்தக் கண்ணையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

என் சந்தேகம் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். சமவெளியில், பள்ளிக்கூட மைதானத்தில், பூங்காவில், வீட்டு முன்னால் போட்ட புல்லில் என்று மழைக்கு எங்கும் வருகிற காளான், வட அமெரிக்காவிலும் காளான் நஞ்சுக்கு அடிக்கடி காரணமாவது இதுதான். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, குளோரோபில்லம் என்றால் பச்சை மடல். குடை முதிர்ந்ததும் அடி மடிப்புகள் சாம்பல் கலந்த பச்சையாகும், உதிர்கிற ஸ்போர் தூள், அதாவது காளானுக்கு விதை மாதிரியான தூள், பச்சை. இந்த மாதிரி பெரிய வெள்ளைக் குடையில் பச்சைத் தூள் உதிர்ப்பது அபூர்வம், அதனால் அந்தத் தூளைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிரச்சினை, அது ரொம்பத் தாமதமாகத்தான் பச்சையாகும். இளசாக இருக்கிற வரை மடிப்பு பால் வெள்ளை. அதாவது குழம்புக்கு ஆசைப்படுகிற பருவத்தில் அது தன்னைக் காட்டிக்கொடுக்காது.

விரிந்த மூன்றில் ஒன்றில் மட்டும் மடிப்பில் ஒரு மங்கலான பச்சை தெரிகிற மாதிரி இருந்தது, நிழலில் பார்த்தால் இல்லை என்றும் தோன்றியது. சரி, வீட்டில் ஸ்போர் பிரிண்ட், அதாவது அந்தத் தூளைத் தாளில் விழவைத்து அச்சு எடுத்துப் பார்க்கலாம் என்று ஐந்தையும் படம் எடுத்தேன், ஐந்தையும் பறித்தேன். எல்லாப் பருவமும் இருந்தால் ஒப்பிட வசதி என்று நினைத்தேன்.

கையில் இருந்தது ஒரே பைதான்.

பிளாஸ்டிக் கவரில் காளான் வியர்த்துக் குழைந்துவிடும், துணிப்பைதான் நல்லது என்று வீட்டில் தேடி ஒரு கல்யாண மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போனவன் நான். துணிப்பை என்பதில் காட்டிய அக்கறையை இரண்டு பை என்பதில் காட்டவில்லை. புற்றுக்காளானுக்கும் இதற்கும் நடுவில் ஒரு வாழை இலைக் கிழிசலை வைத்தேன். கீழே வருகிற வழியில் 18 வளைவு, பைக்கில், பை ஹேண்டிலில் தொங்கியது. இலை எங்கே நின்றிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மதியம்: மூன்று டம்ளர்

திண்டுக்கல் வந்து நண்பன் வீட்டு வாசலில் பையைத் திறந்தோம். மேலே பெரிய தட்டுகள் மூன்று இருந்தன, எடுத்துக்கொண்டேன், ஒப்பிட ஒரு புற்றுக்காளானையும். இதெல்லாம் எனக்கு, மிச்சம் உனக்கு என்று பையோடு கொடுத்துவிட்டு வந்தேன். சத்தியமாக அப்போது என் மனதில் "என்னுடையது பெரிசு" என்ற ஒரே அடையாளம்தான் இருந்தது. ஐந்து பறித்தோமே என்று எண்ணவில்லை. மூடியிருந்த இரண்டும் பைக்கு அடியில் புற்றுக்காளானோடு கிடந்தன, அதே அளவு, அதே வெள்ளை, அடியில் மடிப்பும் அதே வெள்ளை, தண்டில் வளையமும் உண்டு. வேர் இருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. நல்லதற்கும் வேர் இல்லை, ஒடித்தாயிற்று.

1.30க்கு என் வீட்டு மேசையில் பாதி வெள்ளைத் தாள், பாதி கறுப்புத் தாள் ஒட்டி, அதன் மேல் தண்டை வெட்டிவிட்டுக் குடையைக் கவிழ்த்து, மேலே சில்வர் டம்ளரால் மூடினேன். டம்ளருக்குள் அடங்கவில்லை, ஒன்றுக்குக் குண்டான் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு நிறத் தாள் எதற்கு என்றால் வெள்ளைத் தூளாக இருந்தால் வெள்ளைத் தாளில் தெரியாது, அவ்வளவுதான். பக்கத்திலேயே ஒரு புற்றுக்காளான் குடையையும் வைத்தேன், அதன் தூள் லேசான ரோஸ் கலந்த கிரீம்.

இந்த இடைவெளியில் வாட்சப்பில் ஒரு கூத்து நடந்தது. நண்பனின் தம்பி 10.26 படத்தை அவர்கள் குடும்ப குரூப்பில் போட்டிருந்தான். "அருமையான புத்துக்காளான், மிளகு போட்டு வறுங்க" என்று ஒரு சித்தப்பா. "நாய்க்குடை, தொடாதீங்க" என்று ஒரு அத்தை. போன் ஆப் ஒன்று ஐரோப்பாவில் விரும்பிச் சாப்பிடுகிற ஒரு குடைக்காளானின் பெயரைச் சொன்னது. மூன்று பேரும் பார்த்தது மேலிருந்து எடுத்த ஒரே படம். மேலிருந்து பார்த்தால் வெள்ளைக் குடை, உச்சியில் செதில். அடி மடிப்பு தெரியாது, தண்டின் அடி தெரியாது, எந்த மண்ணில் நின்றது தெரியாது, தூள் என்ன நிறம் தெரியாது. அத்தை சொன்னது சரியாகப் போனது தற்செயல், அவர் எந்தக் காளானைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார்.

இரவு

8 மணிக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள். நண்பன் இரண்டு தட்டு, தம்பி ஒரு தட்டு, அவர்கள் அம்மா இரண்டு கரண்டி. நண்பனின் மகள் காளானைப் பார்த்தாலே எழுந்து ஓடுகிற குழந்தை, தயிர் சாதம் சாப்பிட்டாள்.

9.50க்கு நண்பன் முதலில் வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் தம்பி. அப்புறம் பேதி, நிற்காமல், தண்ணீராக, வயிறு முறுக்கி. யாரோ உப்புத் தண்ணீர் கரைத்துக் குடிக்கச் சொல்ல, நண்பன் ஒரு சொம்பு குடித்திருக்கிறான். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், ஏற்கெனவே நீர் வற்றிக்கொண்டிருக்கிற உடம்பில் அவ்வளவு உப்பை ஏற்றுவது தனி ஆபத்து, அன்றைக்கு டாக்டர் கோபப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

10.40க்கு எனக்குப் போன். "மாப்ள, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஆகுது, காளானா இருக்குமோ?"

இருக்காது, அது புத்துக்காளான், பெரியம்மா வேரோடு எடுத்தது என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய்க் குண்டானைத் தூக்கினேன். குடையை மெதுவாக எடுத்ததும் அடியில் சக்கரத்தின் ஆரம் மாதிரி கோடு கோடாக அச்சு விழுந்திருந்தது, வெள்ளைத் தாள் பக்கம் தெளிவாக, மந்தமான பச்சை, காய்ந்த பாசி நிறம். புற்றுக்காளான் வைத்த தாளில் கிரீம். சரி, நான் நினைத்தது சரிதான் என்று ஒரு நொடி திருப்திகூட வந்தது. அதற்கு அடுத்த நொடிதான் போனில் படத்தைத் திறந்து எண்ணினேன். படத்தில் ஐந்து. மேசையில் மூன்று.

"எத்தனை வகை?"

108க்குச் சொல்லிவிட்டு நான் அந்த இரண்டு தாளையும், மிச்சம் இருந்த குடைகளையும், அவர்கள் வீட்டுச் சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை ஒரு டப்பாவிலும் எடுத்துக்கொண்டு போனேன். நடு ராத்திரியில் காளானைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், இதே வரிசையில் கேட்டார். அப்புறம், "எத்தனை வகை காளான்?" என்றார்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று அவர் பிறகு பொறுமையாகச் சொன்னார். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி பேதி என்றால் பெரும்பாலும் குடலைத் தாக்குகிற வகை. கஷ்டப்படுத்தும், நீரும் உப்பும் ஏற்றிப் பார்த்துக்கொண்டால் ஓரிரு நாளில் சரியாகும், குளோரோபில்லம் இந்த ரகம். கொல்கிற காளான்கள் அவசரப்படாது. அமானிட்டா ஃபல்லாய்டிஸ் மாதிரியானவற்றில் இருக்கிற நஞ்சு 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் சத்தமில்லாமல் இருக்கும். அப்புறம் வாந்தி பேதி வரும், ஒருநாள் கழித்து நின்றுவிடும், நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், வீட்டுக்குப் போகலாமா என்பார். அந்த நேரத்தில் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். அந்த நஞ்சு கொதித்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் ஒரு வாரத்துக்குள் 13 பேர் இறந்தார்களே, தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் அதிகம், அதுவும் காட்டுக்காளானைச் சமைத்துச் சாப்பிட்டதால் வந்ததுதான்.

அப்படியென்றால் இரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தது நல்லதுதானே என்று கேட்டேன். ஒரே வகை என்று உறுதியாகத் தெரிந்தால் நல்லது, பையில் மூன்றாவதாக ஒன்று கலந்திருந்தால் சீக்கிரம் வருகிற வாந்தி தாமதமாக வருகிற நஞ்சை மறைத்துவிடும் என்றார். லெபியோட்டா என்ற சின்னச் சின்னக் குடைக்காளான்களில் சிலவற்றிலும் அதே ஈரல் நஞ்சு உண்டு. "ரெண்டே வகைதான்னு உங்களால சொல்ல முடியுமா?"

காலையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மேட்டில் ஒன்பது, புல்லில் ஐந்து, படம் இருக்கிறது. ஆனால் அந்தப் பை வாசலில் அரை மணி நேரம் திறந்து கிடந்தது, நண்பனின் தம்பி வழியில் தன் பங்குக்கு ஏதோ பொறுக்கிப் போட்டேன் என்று அரை மயக்கத்தில் சொன்னான், அது பறவைக்கூடு காளானா வேறு எதுவா என்று அவனுக்கே நினைவில்லை. தெரியாது என்று சொன்னேன். அன்று முழுக்க நான் சொன்னதில் அது ஒன்றுதான் நூற்றுக்கு நூறு சரியான பதில், அதனால்தான் மூன்று பேரையும் இரண்டு இரவு வைத்துக்கொண்டார்கள். சலைன், வாந்தி நிற்க ஊசி, மூன்று நாளும் ஈரலுக்கான ரத்த டெஸ்ட் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ரத்தம் உறையும் நேரம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாமே இயல்பு. அம்மாவுக்கு வயிற்றுவலியோடு நின்றுவிட்டது, அவர் அளவு குறைவு. தம்பிக்கு மறுநாள் மதியம் நின்றது, நண்பன் இரண்டு தட்டுக்காரன், அவனுக்கு மறுநாள் ராத்திரி வரை ஆனது.

எங்கே விட்டது

மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தார்களா என்று பார்க்க வந்த எல்லோரும் கேட்டார்கள். பார்த்தார்கள். நிறம் மாறவில்லையாம். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூண்டு கறுத்தால் விஷம், புழு வைத்திருந்தால் நல்லது, இவை எதற்கும் அடிப்படை கிடையாது. ஆளைக் கொல்கிற அமானிட்டாவை நத்தை சுகமாகத் தின்றுவிட்டுப் போகும், வெள்ளியில் எந்த மாற்றமும் வராது. பெரியம்மாவும் இதையெல்லாம் நம்புகிறவர்தான். ஆனால் அவர் காளான் எடுக்கும்போது இது எதையும் செய்யவில்லை என்பதைக் கவனித்தேன். மண்ணைத் தோண்டினார், அவ்வளவுதான்.

அந்த வேர்ச் சோதனையையும் தனியாக நம்ப முடியாது. மண்ணுக்குள் புதைந்த மரக்கட்டையில் இருந்து நீளமாக வேர்விட்டு வருகிற வேறு காளான்கள் உண்டு, இழுத்தால் அவையும் நீளமாகத்தான் வரும். பெரியம்மா வேரின் நீளத்தைப் பார்க்கவில்லை, அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தார், அந்தக் கரையான் தோட்டம் வரை போனார். தண்டில் வளையம் இருந்தால் விஷம் என்பதும் இங்கே உதவவில்லை, இரண்டுக்குமே இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது உச்சியின் கூர்முனை, மண்ணுக்குள் இருந்த பாகம், தூளின் நிறம், நின்ற இடம். இதில் கூர்முனை மட்டும்தான் பைக்குள்ளும் மிச்சம் இருந்தது. அதை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் அந்த இரண்டும் உருண்டை மண்டையோடு மாட்டியிருக்கும். நண்பனுக்கு அப்படிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது அடையாளம் பார்த்து முடிந்த பை.

இப்போது நான் இரண்டு பை இல்லை, நாலைந்து காகிதக் கவர் கொண்டுபோகிறேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் இடம், அடியில் என்ன, எந்த மரம், எத்தனை என்று எழுதுகிறேன். ஒன்றையாவது அடியோடு, மண்ணோடு எடுக்கிறேன். குழம்புக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரே நாளில் பறிப்பதில்லை. அந்த ஸ்போர் தாள் இன்னும் ஒரு நோட்டுக்குள் இருக்கிறது, பச்சை மங்கிப் பழுப்பு ஏறிவிட்டது, முதலில் பார்க்கிறவர்களுக்கு அது பச்சையாக இருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி மேலே போனோம். நண்பனும் வந்தான், முகம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. கொட்டகைக்குக் கீழே அதே புல்லில் அதே வளைவில் இன்னும் நாலு முளைத்திருந்தன. பெரியம்மாவுக்கு அதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. நண்பன் ஆதியோடு அந்தமாகச் சொன்னான், ஆஸ்பத்திரி, சலைன், ரத்த டெஸ்ட், பச்சைத் தாள் எல்லாம். அவர் மிளகுக்கொடியைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கயிற்றை முடிச்சுப் போட்டபிறகு திரும்பினார்.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே. யாருப்பா அதைப் பையில போட்டது?"

நண்பன் என்னைப் பார்த்தான்.